ஏழு ஏடு, ஒரு பலகை: ஒட்டுமரத்தின் வரலாறு சொல்லும் பாடம்



ஸ்கேட்போர்ட் எனும் சறுக்குப்பலகையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அடுத்த முறை ஒன்று கையில் கிடைத்தால் சக்கரத்தை விட்டுவிட்டுப் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காகக் கோடுகள் தெரியும். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் ஏழு இருக்கும். ஒவ்வோர் அடுக்கும் சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள மேப்பிள் மர ஏடு. ஏழையும் பசை தடவி, அச்சில் வைத்து, அழுத்திப் பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். மொத்தத் தடிப்பு ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்தப் பலகையின் மேல் நின்றுகொண்டு ஓர் இளைஞர் பத்துப் படிக்கட்டுகளைத் தாண்டிக் குதிக்கிறார். பலகை ஒடிவதில்லை.

ஏன் ஒடிவதில்லை? வகுப்பில் கேட்டுப் பாருங்கள். "நல்ல பசை, சார்" என்றுதான் பல மாணவர்கள் சொல்வார்கள். அது பாதி பதில். மீதிப் பாதியைத் தேடிப் போனால் எகிப்து, வியன்னா, போர்ட்லண்ட், லண்டன் என்று சுற்றி, கடைசியில் நம் சிலேத்தார் விமானத்தளத்துக்கே வந்து சேருவோம். வழியில் வரலாற்றுத் தாளுக்குப் பயன்படும் கேள்வி ஒன்றும் கிடைக்கும்: ஓர் ஒட்டு விட்டுப்போனால் யார் காரணம்? பசையா, பருவநிலையா, சரியாக இறுக்கிப் பிடிக்காத கையா?

மரத்தின் குணம்

முதலில் கொஞ்சம் அறிவியல். மரம் என்பது நார்களின் கட்டு. நார் ஓடும் திசையில் அதை இழுத்தால் அசையாது. நாருக்குக் குறுக்கே பிளந்தால் விறகு போலப் பிரிந்துவிடும். இன்னொரு குணமும் உண்டு. மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து வீங்கும், வெயிலில் சுருங்கும். அந்த வீக்கமும் சுருக்கமும் நாரின் நீளவாக்கில் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். மழைக்காலத்தில் வீட்டு மரக்கதவு மூட முடியாமல் முரண்டு பிடிக்கிறதே, காரணம் இதுதான்.

ஒரே மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஒன்றின் நார் நீளவாக்கிலும் அடுத்ததின் நார் குறுக்குவாக்கிலும் வரும்படி அடுக்கி ஒட்டினால், ஓர் ஏட்டின் பலவீனத்தை மற்றோர் ஏடு தாங்கிக்கொள்ளும். ஓர் ஏடு வீங்க நினைத்தாலும் பக்கத்து ஏடு விடாது. சறுக்குப்பலகையில் பொதுவாக ஐந்து ஏடுகள் நீளவாக்கிலும் இரண்டு ஏடுகள் குறுக்குவாக்கிலும் இருக்கும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நடு ஏட்டின் மேலும் கீழும் ஒரே அமைப்பு வரவேண்டும். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு என்று சமமில்லாமல் போனால் பலகை ஒரு பக்கமாக வளைந்துவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஏடுகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒட்டியிருந்தால்தான் இந்தக் கூட்டு வலிமை கிடைக்கும். நடுவில் ஓரிடத்தில் காற்றுக் குமிழி நின்றுவிட்டால், அங்கே ஏழு ஏடுகள் ஒரு பலகையாக இல்லை. வெறும் மெல்லிய சீவல்களாகத்தான் இருக்கின்றன.

பசைக்கு முன்பே அடுக்கு

அடுக்குமரம் புதிய கண்டுபிடிப்பு அல்ல. எகிப்தின் சக்காரா எனுமிடத்தில், மூன்றாம் அரசமரபைச் சேர்ந்த படிக்கட்டுப் பிரமிடில் ஆறு அடுக்கு மரத்தால் செய்த சவப்பெட்டி ஒன்றின் பகுதி கிடைத்தது. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முந்தியது. அடுத்தடுத்த அடுக்குகளின் நார் மாறி மாறி ஓடுகிறது. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தவை சிறு மர ஆணிகள்.

பசையும் பின்தங்கிவிடவில்லை. தீப்ஸ் நகரில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவர் ஓவியத்தில் தச்சர்கள் வேலை செய்கிறார்கள். அருகில் அடுப்பின் மேல் பசைச் சட்டி இருக்கிறது. காலம் கி.மு. 15ஆம் நூற்றாண்டு. அது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்கள் "வஜ்ஜிரம்" என்று சொல்வது இந்த வகைதான். சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை உலகத் தச்சுப் பட்டறைகளில் வஜ்ஜிரமே முக்கியப் பசையாக இருந்தது.

அதன் பெரிய குறை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வஜ்ஜிரம் மறுபடி இளகிவிடும்.

வியன்னா நாற்காலியும் நம் கோப்பிக் கடையும்

ஜெர்மனியின் போப்பார்ட் ஊரில் மிகாயேல் தோனெட் என்ற தச்சர் இருந்தார். 1830களில் அவர் மெல்லிய மரக் கீற்றுகளைக் கட்டாகச் சேர்த்து, கொதிக்கும் பசையில் ஊறவைத்து, அச்சுக்குள் வளைத்து இறுக்கிக் காயவைத்தார். வளைந்த நாற்காலிச் சட்டங்கள் கிடைத்தன. இன்றைய சறுக்குப்பலகை செய்யும் முறையின் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம். ஏடு, பசை, அச்சு, அழுத்தம் நான்கும் அங்கே இருக்கின்றன.

1842இல் அவர் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். வியாபாரம் வளர்ந்தது, நாற்காலிகள் கப்பலேறின. அப்போதுதான் சிக்கல் வந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்குப் போன நாற்காலிகளின் ஒட்டுகள் பிரிந்தன. வஜ்ஜிரம் இளகியதுதான் காரணம். தோனெட் ஒட்டையே கைவிட முடிவு செய்தார். முழு மரக்கோலை நீராவியில் வேகவைத்து, இரும்புப் பட்டையோடு சேர்த்து வளைக்கும் முறைக்கு மாறினார். 1859இல் வெளிவந்த 14ஆம் எண் நாற்காலி உலகப் புகழ் பெற்றது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பழைய கோப்பிக் கடைகளில் வளைந்த முதுகோடு கறுப்போ பழுப்போ நிறத்தில் மர நாற்காலிகள் கிடக்கும், பார்த்திருப்பீங்க. அவை தோனெட் வழி வந்த வளைமர நாற்காலிகள். நம் தாத்தா உட்கார்ந்து கோப்பி குடித்த நாற்காலியின் பின்னால் இப்படியொரு கதை இருக்கிறது.

இந்த முதல் வழக்கில் தீர்ப்பு தெளிவு. குற்றவாளி பருவநிலையும் பசையும். வேலைக்காரரின் கை சரியாகவே இருந்தது.

வீடு தூக்கும் ஜாக்கி

அடுத்து அமெரிக்கா. 1865இலேயே ஜான் மேயோ என்பவர் அடுக்குமரத்துக்கு அங்கே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அது பெரிய தொழிலாக வளரவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1905இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் உலகக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே காட்சிக்கு வைக்க ஒரு சிறிய மரப்பெட்டித் தொழிற்சாலையின் மேலாளர் குஸ்தாவ் கார்ல்சன், உள்ளூர் ஊசியிலை மரத்தில் ஒட்டுப்பலகை செய்யத் தீர்மானித்தார்.

அவரிடம் இயந்திரம் எதுவும் இல்லை. பசை தடவ வண்ணம் பூசும் தூரிகையை எடுத்துக்கொண்டார்கள். அழுத்திப் பிடிக்க வீட்டைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளை வைத்தார்கள். இந்தக் கைவைத்தியப் பலகைகளைப் பார்த்துத்தான் கதவு செய்வோரும் பெட்டி செய்வோரும் வாங்க முன்வந்தார்கள். 1907இல் அதே தொழிற்சாலை பசை பூசும் இயந்திரத்தையும் கையால் இயக்கும் பெரிய அழுத்தியையும் பொருத்தி, நாளொன்றுக்கு 420 பலகைகள் செய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது என்ன? பசை அதே பழைய வகைதான். தூரிகையும் ஜாக்கியும் இருந்தபோது சில பலகைகள், அழுத்தி வந்ததும் தினம் 420. ஒட்டுப்பலகை தொழிலாக மாறியது அழுத்தும் கருவி வந்த பிறகுதான். பசையில் பெரிய மாற்றம் பின்னால் வந்தது. 1934இல் வாஷிங்டன் மாநிலத்து ஒட்டுப்பலகை நிறுவனம் ஒன்றில் ஜேம்ஸ் நெவின் என்ற வேதியியலாளர் தண்ணீரை முழுமையாகத் தாங்கும் பசையை உருவாக்கினார். ஒட்டுப்பலகை வீட்டுக்கு வெளியேயும் நிற்கக் கற்றுக்கொண்டது.

மரத்தால் ஒரு போர்விமானம்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு அலுமினியம் பற்றாக்குறை. டி ஹாவிலண்ட் நிறுவனம் மரத்தாலேயே ஒரு விமானம் செய்தது. பெயர் மொஸ்கிட்டோ, அதாவது கொசு. 1940 நவம்பர் 25ஆம் தேதி முதன்முதலில் பறந்தது. அதன் உடல், பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சா எனும் பஞ்சுபோன்ற மரத்தை வைத்து ஒட்டியது. வலப்பாதி, இடப்பாதி என இரண்டு ஓடுகளாக அச்சின் மேல் போட்டு, உலோகப் பட்டைகளால் இறுக்கிக் காயவைத்து, பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். மேசை நாற்காலி செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் இந்த வேலையில் இறங்கினார்கள். மொத்தம் 7,700க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன.

ஆரம்பத்தில் பயன்பட்டது பாலிலுள்ள புரதத்தில் செய்த கேசின் பசை. பிறகு யூரியா பார்மால்டிஹைடு எனும் செயற்கைப் பசைக்கு மாறினார்கள். இது ஈரத்தை மிக நன்றாகத் தாங்கும்.

1944ஆம் ஆண்டின் கடைசியில் இந்தியாவிலும் பர்மாப் போர்முனையிலும் இருந்த சில மொஸ்கிட்டோ விமானங்களின் இறக்கைகள் பறக்கும்போதே முறிந்தன. விமானிகள் உயிரிழந்தார்கள். மற்ற விமானங்களும் பறக்க விடாமல் நிறுத்தப்பட்டன. உடனே எழுந்த சந்தேகம் என்ன தெரியுமா? "கிழக்கு நாட்டு வெயில், பருவமழை, கரையான். மர விமானம் இங்கே தாக்குப்பிடிக்காது." கேட்கவே நியாயமாகத் தோன்றுகிறது. தோனெட் நாற்காலிக்கு நடந்ததும் அதுதானே?

முதல் விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட். நிறுவனரின் தம்பி. பசை கெட்டுப்போகவில்லை, பருவமழையில் விமானத்தின் உடற்கட்டு சுருங்கியதுதான் காரணம் என்று அவருடைய குழு அறிக்கை கொடுத்தது. அதாவது பழி பருவநிலை மேல்.

அடுத்து வந்த விசாரணைகள் வேறு விடை சொல்லின. விமான உற்பத்தி அமைச்சின் குழு இங்கிலாந்திலுள்ள டெஃபர்ட் தளத்தில் மொஸ்கிட்டோ விமானங்களைப் பிரித்துச் சோதித்தது. அவற்றில் ஆறு விமானங்களில் இந்தியாவில் கண்ட அதே வகைக் குறைகள் இருந்தன. அந்த ஆறில் எதுவும் பருவமழையைக் கண்டதில்லை, கரையானையும் கண்டதில்லை. ஆனால் எல்லாம் நிறுவனத்தின் ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் ஆகிய இரண்டு ஆலைகளில் கட்டப்பட்டவை. பாகங்கள் சரியாகப் பொருந்தாமலும் ஒட்டு முழுமையாகப் பிடிக்காமலும் இருந்தது கட்டும்போதே நேர்ந்த குறை என்று அந்தக் குழு முடிவு செய்தது. அதன் பிறகு இறக்கைப் போர்வையின் இணைப்பை நீளவாக்கில் மூடும்படி ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றைப் பொருத்தி விமானங்களைச் சரிசெய்தார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பின்குறிப்பு இருக்கிறது. போருக்குப் பிறகு சிங்கப்பூரின் சிலேத்தார் தளத்திலிருந்த 81ஆம் படைப்பிரிவு, மலாயா அவசரகாலத்தின்போது மொஸ்கிட்டோ விமானங்களில் பறந்து காடுகளை வானிலிருந்து படம் பிடித்தது. பிரிட்டிஷ் வான்படையின் மொஸ்கிட்டோ கடைசியாகப் பணிக்குப் பறந்ததும் இங்கிருந்துதான். நாள் 1955 டிசம்பர் 15. இந்தப் புழுக்கத்திலும் மழையிலும் மர விமானம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறது.

ஆக இரண்டாவது வழக்கில் பருவநிலை மேல் போட்ட பழி நிற்கவில்லை. பசை நல்லது. பிடிமானம்தான் போதவில்லை.

சைக்கிள் பம்பு செய்த வேலை

ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதி தங்கள் வாடகை வீட்டிலேயே ஓர் அழுத்தும் கருவியைக் கட்டினார்கள். சுண்ணச்சாந்தில் செய்த வளைந்த அச்சு, அதன் மேல் பசை தடவிய மர ஏடுகள், அதற்கு எதிரே ஊதினால் உப்பும் ஒரு பை. பையில் காற்றடிக்க ஒரு சைக்கிள் பம்பு. காற்று நிறைந்த பை வளைவின் மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக ஏடுகளை அழுத்தியது. இந்தச் சோதனைகளிலிருந்துதான் அமெரிக்கக் கடற்படைக்காக, காயம்பட்ட கால்களைத் தாங்கும் வளைந்த ஒட்டுப்பலகைக் கட்டைகள் பிறந்தன.

இந்த இடத்தில் வகுப்பில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். கிளாம்ப் எனும் இறுக்கி ஒரு புள்ளியில் அழுத்துகிறது. காற்று எப்படி அழுத்துகிறது? எல்லாப் புள்ளியிலும், எல்லாத் திசையிலும், ஒரே அளவில். வளைந்த பொருளை ஒட்டுவதற்கு இதைவிட நல்ல கை கிடையாது.

சறுக்குப்பலகை பிறந்த கதை

கலிபோர்னியாவிலேயே இருப்போம். 1950களில் அங்குள்ள கடலலைச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் அலை இல்லாத நாளில் தெருவில் சறுக்க ஆசைப்பட்டார்கள். உருளைச் சப்பாத்தின் சக்கரங்களைக் கழற்றி ஒரு மரத்துண்டின் அடியில் பொருத்தினார்கள். தட்டையான ஒற்றைப் பலகை, ஒட்டும் இல்லை, வளைவும் இல்லை. 1963 வாக்கில் லாரி ஸ்டீவன்சனின் மக்காஹா நிறுவனம் இதைத் தொழில்முறையாகச் செய்து விற்றது. சக்கரங்கள் களிமண் கலவையால் ஆனவை. சிறு கல் தட்டினாலும் நின்றுவிடும். ஆள் மட்டும் தொடர்ந்து போவார்! 1965க்குப் பிறகு மோகம் தணிந்தது.

இரண்டு மாற்றங்கள் விளையாட்டை மீட்டன. 1969இல் ஸ்டீவன்சன் பலகையின் பின்முனையை மேல்நோக்கி வளைத்து, "கிக்டெயில்" எனும் வாலை உருவாக்கினார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வர்த்தி யூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்தார். அது வழுக்காமல், தடுக்காமல் உருளும். வேகம் கூடியது, துணிச்சலும் கூடியது.

இப்போது பலகைக்குச் சோதனை. ஒற்றை மரத்திலிருந்து மேல்நோக்கிய வாலைச் செதுக்கினால் வளைவில் நார் அறுபட்டுவிடும். அங்கே எளிதில் ஒடியும். அலுமினியம், கண்ணாடி இழை என்று பலவற்றை முயன்றார்கள். 1970களின் நடுவில் மேப்பிள் ஏடுகளை அச்சில் வைத்து ஒட்டிய பலகைகள் வந்தன. இந்த முயற்சியின் முன்னோடியாகக் குறிப்பிடப்படுபவர் கனடாவைச் சேர்ந்த வில்லி விங்கல். ஏடுகளை ஈரப்பசையோடு வளைத்தால் நார் அறுபடாமல் வளைவோடு சேர்ந்தே ஓடும். காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். தோனெட் 1830களில் கண்ட அதே வழி, வஜ்ஜிரத்துக்குப் பதில் புதிய பசையோடு.

1978இல் ஃபுளோரிடாவின் ஆலன் கெல்ஃபண்ட், கையால் பிடிக்காமல் பலகையோடு எகிறும் "ஆலி" எனும் வித்தையைக் காட்டினார். வாலைத் தரையில் அடித்து எகிற, பலகை ஒவ்வோர் அடியையும் தாங்க வேண்டும். ஏழு ஏட்டு மேப்பிள் தாங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சறுக்குப்பலகை முதன்முறையாக இடம்பெற்றபோதும் விளையாட்டாளர்களின் காலடியில் இருந்தது இந்த அடுக்குமரக் குடும்பம்தான்.

வீட்டிலும் பள்ளியிலும்

பெரிய ஆலைகளில் நீரியல் அழுத்தியால் பல பலகைகளை ஒன்றாக இறுக்குவார்கள். வீட்டில் செய்பவர் என்ன செய்வது? கனடாவின் டொராண்டோவில் டெட் ஹண்டர் என்ற கலைஞர் ஈம்ஸ் தம்பதியின் வழியைத் திருப்பிப் போட்டார். பையில் காற்றை ஊதுவதற்குப் பதில், அச்சையும் ஏடுகளையும் பைக்குள் வைத்துக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். உள்ளே காற்று இல்லாதபோது வெளிக்காற்று அழுத்துகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளிமண்டல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. பலகை 80 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 1,600 சதுர செ.மீ. முழு வெற்றிடம் கிடைத்தால் அழுத்தம் சுமார் 1,600 கிலோ. கைப்பம்பில் முழுமை வராது என்றாலும் ஒரு மைவி காரைப் பலகை மேல் நிறுத்திய அளவுக்கு வந்துவிடும். அதுவும் சீராகப் பரவி.

டொராண்டோவில் 2009 முதல் ஒரு மாற்றுவழி அரசுப் பள்ளித் திட்டம் நடக்கிறது. ஒயாசிஸ் ஸ்கேட்போர்ட் ஃபேக்டரி என்று பெயர். வழக்கமான வகுப்பறையில் ஒட்டாத மாணவர்கள் பலகை செய்து, வடிவமைத்து, விற்று, அதன் வழியாகவே பள்ளிப் பாடங்களுக்கான மதிப்பெண் அலகுகளைப் பெறுகிறார்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

செய்ய விரும்புவோருக்கு அடிப்படை வரிசை இதுதான்:

1. பசை இல்லாமல் ஏடுகளை முதலில் அடுக்கிப் பாருங்கள். நார்த் திசை சரியா? நடு ஏட்டுக்கு மேலும் கீழும் ஒரே அமைப்பா?
2. நீர் தாங்கும் வகை வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசையை உருளையால் மெல்லியதாகவும் சீராகவும் தடவுங்கள். வறண்ட இடம் இருக்கக் கூடாது.
3. விரைவாக அடுக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் பசை சீக்கிரம் தோல் கட்டும். தோல் கட்டிய பசை ஒட்டாது.
4. கிளாம்ப் பயன்படுத்தினால் ஏடுகளின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். மேலும் கீழும் தடித்த அச்சுக்கட்டை வேண்டும். அதுதான் ஒரு புள்ளியின் அழுத்தத்தைப் பரப்பிக் கொடுக்கும். நடுவில் தொடங்கி முனைகளை நோக்கி இறுக்குங்கள். காற்றும் மிகுந்த பசையும் வெளியேற வழி கிடைக்கும்.
5. ஓரம் முழுவதும் பசை சிறு முத்துக்களாகக் கசிந்தால் அளவு சரி. கசியாத பக்கம் சந்தேகத்துக்குரியது.
6. ஓர் இரவு முழுக்க அழுத்தத்திலேயே விடுங்கள். எடுத்த பிறகும் சில நாள் காய்ந்தபின் வெட்டுங்கள். ஓரத்துக்கு வார்னிஷ் பூச மறக்க வேண்டாம். ஈரம் நுழைவது அங்கேதான்.

வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் கட்டாயம், ஆசிரியர் உடனிருப்பதும் கட்டாயம்.

ஐந்தாவது படியை மறுபடி படியுங்கள். ஒட்டு காய்ந்த பிறகு உள்ளே என்ன நடந்தது என்பதை யாரும் பார்க்க முடியாது. நல்ல ஒட்டும் கெட்ட ஒட்டும் வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். மொஸ்கிட்டோ இறக்கையின் ஆபத்தும் அதுதான். அழுத்தம் கொடுக்கிற அந்தச் சில மணி நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது.

வரலாற்றுத் தாளுக்கு

நாற்காலியும் விமானமும் ஒரே குற்றச்சாட்டை எதிர்கொண்டன: "கிழக்கின் வெயிலும் மழையும்." நாற்காலி விஷயத்தில் அது உண்மை. விமான விஷயத்தில் அது உண்மையில்லை. முன்பு ஒரு முறை சரியாக இருந்த காரணம் அடுத்த முறையும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் பாடம். டெஃபர்ட் குழு செய்தது ஓர் எளிய சோதனை. "பருவமழை காரணம் என்றால், பருவமழை படாத விமானத்தில் இந்தக் குறை இருக்கக் கூடாது. இருக்கிறதா?" இருந்தது. அங்கேயே அந்தக் காரணம் விழுந்துவிட்டது.

காரணம் எழுதச் சொல்லும் வினாக்களில் மாணவர்கள் பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சோதனையை ஒவ்வொரு காரணத்துக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காரணம் இல்லாத இடத்திலும் அதே விளைவு நடந்திருக்கிறதா? அறிக்கையை எழுதியவர் யார், அவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் என்ன உறவு? விடையின் தரம் உடனே உயரும்.

கலந்துரையாட மூன்று வினாக்கள்:

1. தோனெட் நாற்காலியின் ஒட்டு விட்டதற்கும் மொஸ்கிட்டோ இறக்கை முறிந்ததற்கும் உள்ள காரணங்களை ஒப்பிடுக.
2. நிறுவனரின் தம்பி தலைமையேற்ற விசாரணை அறிக்கையை நீங்கள் எவ்வளவு நம்புவீர்கள்? அதை முழுமையாக ஒதுக்கிவிடலாமா? காரணம் கூறுக.
3. "ஒட்டுப்பலகையின் வரலாறு பசையின் வரலாறு மட்டுமே." போர்ட்லண்ட், ஈம்ஸ், டொராண்டோ எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இக்கூற்றை மதிப்பிடுக.

இரண்டாம் வினாவுக்கு ஒரு குறிப்பு: பசை கெடவில்லை என்று அந்த முதல் அறிக்கை சொன்னதைப் பிந்தைய விசாரணைகள் பொய்யாக்கவில்லை. அது தவறியது காரணத்தைப் பருவமழை மேல் போட்ட இடத்தில். ஒரு சான்று ஒரு பகுதியில் சரியாகவும் இன்னொரு பகுதியில் தவறாகவும் இருக்கலாம். மாணவர்கள் அதைப் பிரித்துக் காட்டினால் முழு மதிப்பெண் கொடுங்கள்.